வீக் ஆஃப் அன்று வந்த போன்

அண்ணா, அந்த வீடியோ கிடைத்துவிட்டது, முழுசாகக் கிடைத்துவிட்டது, இனி ஒருத்தனும் உன்மேல் பழி போட முடியாது!

உடைந்து கிடந்த என் பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்றித் திறந்தேன். மீன் குஞ்சுப் பண்ணையில் சிமெண்ட் தொட்டிமேல் குனிந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய். கம்பெனியில் நம் இருவருக்கும் வீக் ஆஃப், வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு. எங்கள் பென்னலூர்க் குட்டையில் விடக் கெண்டைக் குஞ்சு வாங்கினோம். பண்ணைக்காரர் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் குஞ்சும் விட்டு, ஆக்சிஜன் அடித்துக் கட்டிக் கொடுத்தார். குட்டைக்கு வந்ததும் எனக்கு அவசரம்.

"இன்னாணா பாத்துகினு கீற? அவுத்து வுடுணா, வீடியோ பிச்சிக்கும்!"

"சும்மா கெடல. பை செத்த நேரம் மெதக்கட்டும். தண்ணிச் சூடு பழகாம கொட்டுனா அம்புட்டும் செத்துரும்."

அது மிதக்கட்டும் என்று நாமும் குதித்தோம். தாமிரபரணியில் நீந்திய உனக்கு எங்கள் குட்டை என்றால் கிண்டல். "முட்டளவு தண்ணிக்கு இம்புட்டு பில்டப்பால?"

அப்போதுதான் கரையில் உன் போன் அடித்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாய். சூப்பர்வைசர்.

"நைட்டுக்கு ஆள் இல்ல. வந்துடு."

"சார், நேத்து ரெண்டு ஷிப்ட் சேத்துப் பாத்தேன். தூக்கமே இல்ல சார்."

"வரலன்னா இனிமே வரவே வராத."

கரையில் சாய்த்து வைத்த என் போனில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்கடுத்து என் குரல்: "போய்ட்டு வாணா, ஒரு ஷிப்ட்டுதான?" கேட்டதும் என்னையே அறையத் தோன்றியது.

மறுநாள் காலை திரும்பும்போது வண்டியிலேயே கண் அசந்து, நின்றிருந்த லாரியில் மோதி அங்கேயே போய்விட்டாய். அந்த சூப்பர்வைசர் உன் அம்மாவிடம் கூசாமல் சொன்னான்: "லீவுல ஊர் சுத்திட்டு, அவனா நைட் ஷிப்ட் கேட்டு ஓடி வந்தாம்மா." அம்மா அதை நம்பிவிட்டார். "எம்புள்ள ஏன்யா அப்படிச் செஞ்சான்?" என்று என்னிடம் கேட்கிறார். மீன் குஞ்சுக்குக்கூட அவகாசம் கொடுத்தவன் நீ. உன்னைத் தூங்கு என்று சொல்ல ஒருத்தன் இல்லை. நானும்தான் சொல்லவில்லை.

வீடியோவை அம்மாவிடம் காட்டப்போகிறேன், என் குரலை வெட்டாமல். அந்த ஒரு வரியை நான் சாகும்வரை சுமப்பேன்.

அன்று நைட் ஷிப்ட்டில் கம்பெனி லைனில் அண்ணனோடு நின்றவர்களே, அவர் நின்றபடியே தூங்கி வழிந்ததைப் பார்த்தீர்கள்தானே? இதை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்கள். ஞாயிறு காலை அம்மா, அண்ணன் தங்கியிருந்த ஒரகடம் ரூமுக்கு வருகிறார். வாருங்கள். அவர் முகத்தைப் பார்த்து ஒருவராவது சொல்லுங்கள்: உங்கள் பிள்ளை கேட்டு வரவில்லை.