எலி கடித்த ஒயர்

டிச. 18, வியாழன்

பனி. எதிர் வீடு தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரர்களுக்கு என்னை நன்றாகவே தெரிந்தது.

காலை ஆறு மணி. வேன் கிளம்பவில்லை, இது நாலாம் நாள். மகள் ரேவதி ஸ்டியரிங்கில், நான் பின்னால் தள்ளல். கைலி நுனி பம்பரில் மாட்டியது தெரியாது. தெரு இறக்கத்தில் வண்டி உருண்டு, இருமி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. போயே போய்விட்டது. கைலியும் கூடவே. நான் நடுத்தெருவில், ஸ்கூல் யூனிஃபார்ம் மிச்சத் துணியில் நானே தைத்த மெரூன் கட்டம் போட்ட டிராயரோடு. கோலம் போட்டுக்கொண்டிருந்த மூன்று பெண்களும் தலை நிமிரவில்லை. இந்தத் தெருவில் இவ்வளவு கவனமாகக் கோலம் போட்டு நான் பார்த்ததே இல்லை.

என் சம்சாரம் ம. சொன்னது: "டெய்லரு கடைக்கு நல்ல வெளம்பரம்."

டிச. 19, வெள்ளி

பனி கொஞ்சம் குறைவு. மானமும்.

கடையில் இரண்டு ஜாக்கெட், ஒரு பேண்ட் ஜிப்.

ரேவதிக்கு டிப்ளமோ முடித்து ஓசூரில் வேலை. 26-ந் தேதி சேர வேண்டும். திட்டம்: 24 விடிகாலை ஐந்துக்கு நம் வேனில் கிளம்பி, ஆத்தூர் வழியாக ஏற்காடு. ராத்திரி வேனிலேயே படுக்கை. மறுநாள் ஓசூர். பழைய டீசல் வேன்தான். சீட்டைக் கழற்றிக் கட்டில், அடுப்பு, யூனிஃபார்ம் துணியில் திரை என்று எட்டு மாதமாக நான் குடைந்து வைத்தது. மூன்று பேருமாக ஒரு ராத்திரிகூட அதில் எங்கும் போய்த் தங்கியதில்லை. இனி அவளுக்கு எப்போது லீவு கிடைக்குமோ.

மச்சான் போன். (ம.-வின் அண்ணன், அரியலூரில் டயர் கடை.) "மாப்ள, அந்த நடமாடுற வூட்ட நம்பிப் புள்ளைய ஏத்தாதீங்க. என் கார்ல நானே கொண்டு போயி வுட்டுட்டு வரேன்." காரில் மச்சான், அவர் சம்சாரம், என் சம்சாரம், ரேவதி, பெட்டிகள். எனக்கு? டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

ம. கெடு வைத்துவிட்டாள். "செவ்வாக்கெழம காலையில தள்ளாம கெளம்புனா வேனு. இல்லன்னா அண்ணன் காரு."

டிச. 20, சனி

மெக்கானிக் நம்பர் 1, நம்ம ஊர். டீசல் வண்டிக்குக் குளிர் நேரத்தில் இன்ஜினுக்குள் சூடு காட்ட ஹீட்டர் பிளக் என்று நாலு உண்டாம். நாலையும் கழற்றிப் புதுசு போட்டார். வெயிலேறிப் பதினோரு மணிக்குச் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. "பாத்தீங்களா!" என்றார்.

பதினோரு மணி வெயிலில் என் தையல் மெஷினுக்கு டீசல் ஊற்றினால்கூடக் கிளம்பும்.

டிச. 21, ஞாயிறு

5.40. பனி. புது பிளக், பழைய இருமல். சாவி போட்டால் ஒழுங்காக வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான்: டேஷ்போர்டில் பிள்ளையார் படத்தைச் சுற்றியுள்ள கலர் பல்பு. ஆயுத பூஜைக்கு நானே ஒயர் இழுத்து மாட்டியது. ஜெகஜோதி. இந்த மெக்கானிக்குகளிடம் அந்த நேர்த்தியில் பாதி கிடையாது.

மச்சான் நேரில் வந்தார். ஆலோசனைகள்:

– வெந்நீர் ஊற்று. (எங்கே என்று சொல்லவில்லை.)
– எலுமிச்சம்பழம் கட்டு. (ஏற்கெனவே மூன்று தொங்குகிறது.)
– எலி. "ஒயர எலி கடிச்சிருக்கும் மாப்ள. நம்ம கஸ்டமரு லாரியில அப்புடித்தான் ஆச்சு."
– வித்துடு.

டயர் விற்பவருக்கு இன்ஜின் தெரியும் என்றால், செருப்புக் கடைக்காரர் மூட்டு ஆபரேஷன் பண்ணலாம்.

டிச. 22, திங்கள்

கடை லீவு. தள்ளிக் கிளப்பி அரியலூர். மெக்கானிக் நம்பர் 2. போனில் பேசிக்கொண்டே பானட்டைப் பார்த்தார். திறக்கவில்லை, பார்த்தார். "ஊரெல்லாம் சிமெண்டுத் தூசி. ஃபில்டரு அடைச்சிருக்கும்." மாற்றினார். பிறகு, "இதுக்கும் கேக்கலன்னா டீசல் பம்ப்ப எறக்கிக் கோயம்புத்தூர் அனுப்பணும். பத்து நாளாவும்."

"புதங்கெழம வண்டி வேணுங்களே."

"அத வண்டிகிட்ட சொல்லுங்க."

திரும்பும் வழியெல்லாம் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனையும் அருமையான பதில்கள். வீண்.

சாயங்காலம் ரேவதி: "அப்பா, புது பிளக்குக்குக் கரண்ட் வருதான்னு யாராச்சும் பாத்தாங்களா?"

"மெக்கானிக்கு பாக்காமயா இருப்பாரு?"

"எந்த மெக்கானிக்குப்பா?"

யோசித்தேன். நம்பர் 1 வெயிலைப் பார்த்தார். நம்பர் 2 போனைப் பார்த்தார்.

பாலிடெக்னிக்கில் வாங்கிய, கரண்ட் பார்க்கிற மீட்டர் அவளிடம் இருக்கிறது. "காலையில குளுரோட குளுரா நானே பாக்கறேன்."

டிச. 23, செவ்வாய்

கெடு. கடும் பனி. ஐந்தரைக்கே மச்சான் காரோடு ஆஜர். "நாளைக்குப் பொட்டியெல்லாம் ரெடியா?"

ரேவதி பானட்டைத் திறந்து மீட்டரை வைத்தாள். "சாவி போடுங்கப்பா." போட்டேன். பிள்ளையார் ஜொலித்தார்.

"பிளக்குக்குக் கரண்டே வரல."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தாள். டார்ச் பிடித்தது நான். ஆகவே நானும் பார்த்தேன். சிவப்பு ஒயர், நடுவில் வெட்டு. பிளக்குக்குப் போகும் முனை அந்தரத்தில். கரண்ட் வரும் முனை பிள்ளையார் பல்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. டேப் இல்லை. மெரூன் நூல், ஏழு சுற்று, பட்டன் தைக்கிற முடிச்சு. இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சட்டையில் இருக்கும் அதே முடிச்சு.

ஆயுத பூஜைக்கு வெட்டும்போது இது எதற்கான ஒயர் என்று தெரியாது. அப்போது வெயில். வெட்டிய பிறகும் வண்டி கிளம்பியது. அதனால் தேவையில்லாத ஒயர் என்று முடிவு கட்டினேன். கத்தரி எடுத்தவனெல்லாம் எலெக்ட்ரீஷியன்.

ரேவதி என்னைப் பார்த்தாள். வெளியிலிருந்து மச்சான்: "என்னம்மா தெரியுது?"

அவள் தலையை வெளியே நீட்டாமலே சொன்னாள்:

"எலி மாமா. ஒயர எலி கடிச்சிருக்கு."

"சொன்னேன்ல! சொன்னேன்ல மாப்ள!"

ம.: "எங்கண்ணன் பேச்ச என்னைக்கிக் கேட்டீங்க?"

ரேவதி நூலை அறுத்துச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள். ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினாள். "சாவி போட்டுப் பத்து எண்ணுங்கப்பா. ம், இப்ப அடிங்க." ஒரே அடி. புகைகூட இல்லை. பிள்ளையார் மட்டும் இருட்டில்.

மச்சான் கார் ஏறும்வரை எலியைப் பற்றியே பேசினார். நானும் ஒத்து ஊதினேன். "பெரிய எலியா இருக்கும் மச்சான்." போதாததற்குக் கடைவீதியில் பொறி ஒன்று வாங்கி, தெருவே பார்க்க வேனுக்கு அடியில் வைத்தேன். மசால்வடை ம. கையால் சுட்டது. எலிக்கு என்றதும் எனக்குப் போடுவதைவிட மொறுமொறுப்பு.

டிச. 24, புதன்

4.50. பனி. பத்து எண்ணினேன். ஒரே அடி. கோலக்காரப் பெண்கள் எழுந்திருக்கும் முன்பே தெருவைத் தாண்டியாகிவிட்டது.

ம. பின்னால் கட்டிலில், போர்வைக்குள். ரேவதி முன் சீட்டில். ஆத்தூருக்கு முன்னால் டீக்கு நிறுத்தினோம். அவள் சுடிதார் பையிலிருந்து கைக்குட்டை எடுக்கும்போது மெரூன் நூலும் சேர்ந்து வந்தது. எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். சுருட்டி மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"பொறியில ஏதாச்சும் மாட்டுச்சாப்பா?"

"இல்லம்மா."

அந்த எலி உன் எதிரில் நின்றுதான் டீ குடிக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. டீயை ஊதிக் குடித்தேன்.