தாளில் நான் விட்ட வரி

பெப்ரவரி 9, திங்கள்

நஸ்ரினாவின் பதினான்கு மாத உழைப்பைக் கெடுத்தவன் நான்.

ஆறரைக்கும் பனி விலகவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக் கொக்கோத் தோட்டத்தில் பத்தடி தாண்டி ஒன்றும் தெரியாது. அவளுடைய மஞ்சள் ரெயின்கோட் மட்டும். உக்குவளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறாள். ஒரு பூவின் மகரந்தத்தை இடுக்கியால் எடுத்து இன்னொரு பூவில் தடவுவது, நூல் கட்டுவது, அடுத்த மரம். மூன்றாம் நாள் காலையிலும் பூ உதிராமல் நின்றால் கலப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவளுடையது நிற்பதில்லை. என்னுடையது நிற்கும்.

ஒரே மேற்பார்வையாளரிடம், சேரிடம், இரண்டு பேரும் எம்.ஃபில். நான் முடிக்கிற கட்டம். அவளுக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னேற்றக் கூட்டம். காட்ட ஒன்றும் இல்லையென்றால் பதிவு ரத்து.

தேநீருக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, வெள்ளி வரைக்கும் உங்க கைய இரவல் தாங்களேன். கழுவித் திருப்பித் தர்றேன்."

நானும் சிரித்தேன். கேன்டீன்காரர், தம்பிக்கு ராசியான கை என்றார். அதற்கும் சிரித்தேன்.

செய்ய வேண்டியது: தீசிஸ் அத். 4 படங்கள். சப்பாத்து ஒட்ட கம். அம்மாவுக்கு போன் கோல். ந.விடம் சொல்வது.

முதல் மூன்றும் முடிந்தது.

பெப்ரவரி 10, செவ்வாய்

பனி. இருமல்.

என்ன சொல்லவில்லை என்பதையாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் எல்லாம் உதிர்ந்தது. வஹகோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போன ஒரு காலை, சேர் வழியில் ஜீப்பை நிறுத்தினார். ஒரு கொக்கோப் பூவைப் பறித்தார். என் பெருவிரல் நகத்தில் மகரந்தத்தைத் தேய்த்தார். பிசுபிசுவென்று உருண்டது. ஈரம், செத்தது, தொடாதே என்றார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு பூ. மாவு போலப் பரவியது. இப்போது தொடு என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்றும் காட்டினார். பிறகு வீடு வரை கிரிக்கெட் பேச்சு.

அவ்வளவுதான் என் ராசி.

எங்கள் தோட்டத்தில் நிழல் மரங்களிலிருந்து எட்டு மணி வரை பனி சொட்டும். ந. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிட்டு லேப்புக்கு ஓடுகிறாள். சோம்பேறியாக இருந்திருந்தால் அவளுக்குக் காய் பிடித்திருக்கும்.

அவள் சேர்ந்தபோது செய்முறைத் தாளைத் தட்டச்சு செய்தது நான். "காலை 6 முதல் 9 வரை." பொய் இல்லை, வேறு ஊருக்கு அது சரி. நகத்தின் கதையை ஒரு வரி போடலாமா என்று யோசித்ததும் நினைவிருக்கிறது. போடவில்லை.

ஜீப்பில் தானும் வரலாமா என்று ஒரு முறை கேட்டாள். பின் சீட்டில் ஐஸ் பெட்டி இருக்கு, இடமில்லை என்றேன். ஐஸ் பெட்டியைக் கீழே வைக்கலாம்.

ரத்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். ஏ.எல். பயாலஜிக்கு டீச்சர் இல்லாத ஸ்கூல். டவுன் பையன்கள் டியூஷன் நோட்ஸை போட்டோகொப்பிக்குக் கொடுக்கும்போது முக்கியமான பக்கங்களை உருவி வைத்துக்கொள்வார்கள். பத்து வருடமாக அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மேடை கிடைத்தால் மலையகக் கல்வி பற்றி அரை மணி நேரம் பேசுவேன்.

நேற்றே சொல்லியிருந்தால் இன்று காலை தடவிய பூ வெள்ளிக்கு மூன்றாம் நாள். காட்ட ஏதாவது இருந்திருக்கும்.

பெப்ரவரி 11, புதன்

சொல்லிவிட்டேன்.

எட்டரை மணி. லேப்பிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பக் கூட்டிப்போனேன். நகத்தில் தேய்த்துக் காட்டினேன். அவளும் செய்து பார்த்தாள். மாவு போலப் பரவியது. நிழலில் இன்னும் ஈரமாக இருந்த பூவில் ஒன்றை எடுத்தாள். உருண்டது. கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"நான் ஆறு மணிக்கு வர்றத தினமும் பார்த்தீங்க."

"ஆமா."

"குட் மோர்னிங் வேற சொன்னீங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதினோரு மணி வரை நின்று அறுபது பூ தடவினாள். என்னை நூல் வெட்டித் தரச் சொன்னாள். வெட்டிக் கொடுத்தேன்.

போகும்போது, சேர் அவள் வாப்பாவிடம் போனில் பேசியதைச் சொன்னாள். பிள்ளைக்குக் கை வராது, டீச்சிங் பக்கம் போடுங்கள் என்றாராம். வாப்பா வீட்டில் அதற்கு ஆயத்தமாகிவிட்டாராம்.

பெப்ரவரி 12, வியாழன்

வெயில் சீக்கிரம். அறுபதில் ஐம்பத்தொன்று நிற்கிறது. முதல் நாள்தான்.

ஜீப்பில் தம்புள்ளைக்குப் போகும்போது சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தன் பேராசிரியர் இரண்டு வருடம் உதிர விட்டு வேடிக்கை பார்த்தார், அப்படித்தான் கண் வரும் என்றார். கவனிக்கிற பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். அவள் எங்கே நின்று கவனிப்பது சேர், இந்த ஜீப்பில் ஏற்றவே இல்லையே என்றேன். பிறகு, அந்தச் செய்முறைத் தாளில் தன் பெயர் இருக்கிறது, கூட்டத்தில் அதைக் கிளற வேண்டாம் என்றார். அதே மூச்சில், ஜப்பானில் பிஎச்.டி.க்கான என் சிபாரிசுக் கடிதத்தைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்.

மிரட்டலா என்று கேட்டால் இல்லை என்பார். உண்மையிலேயே இல்லை என்று நினைப்பார்.

நான் "சரி சேர்" என்றேன். வாயில் தானாக வந்தது.

மத்தியானம் ஜீப்பின் பின் சீட்டிலிருந்து ஐஸ் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தேன். யாருக்காக.

பெப்ரவரி 13, வெள்ளி

9.20. கூட்ட அறைக்கு வெளியே பெஞ்ச். நாற்பத்தெட்டு நிற்கிறது. இரண்டு நாள் பூ ஆதாரமில்லை என்று உள்ளே சொல்வார்கள். மூன்றாம் நாள் கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

ந. தன் வரைபடங்களோடு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே மெதுவாகப் பேசினாள். தானே இதைச் சொன்னால் சாக்கு என்பார்கள், சேர் வாய் திறக்க மாட்டார், எனவே மிச்சம் இருப்பது நான்தான் என்றாள். உள்ளே வந்து பேசக்கூட வேண்டாம், எழுதினால் போதும் என்றாள். கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இந்த டயரியின் மேல் வைத்தாள்.

இப்போது 9.40. தாளைக் கீழே தள்ளிவிட்டு டயரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சேர் எங்கள் இருவரையும் தாண்டி உள்ளே போய்விட்டார்.

9.52. கிளார்க் வந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். போகவில்லை. என் முன்னால் கையை நீட்டினாள்.

"என்ன தெரியும், எப்ப இருந்து தெரியும், ஏன் சொல்லல. மூணே வரி. கையெழுத்துப் போட்டுத் தாங்க, அண்ணா."