இரண்டு கிலோ அரிசி

கட்டார்

அன்புள்ள மேர்சி,

நான் சுகம். உனக்குத் தையல் வலி குறைந்ததா? இங்கிருந்து சிறில் அண்ணன் லீவில் ஊருக்கு, தெஹியோவிட்டவுக்கு, வருவதால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

"புள்ள சின்னதா இருக்கு, ஆனா இரத்தத்துல வளர்ச்சி ஹோர்மோன் கூடவாம்" என்று போனில் அழுதாயே, அதை இங்குள்ள நர்ஸிடம் கேட்டேன். எனக்கு அது நம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கில்தான் விளங்கியது. அந்த ஹோர்மோன் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மாதிரி, வளரச் சொல்லிக் கத்தும். வேலை செய்வது ஈரலில் சுரக்கும் வேறொன்று. நச்சுக்கொடி போதிய சாப்பாடு கொடுக்காததால் அது எழும்பவில்லை. பால் குடிக்கக் குடிக்க எழும்பிவிடுமாம். நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று யார் சொன்னாலும் காதில் போடாதே.

நேற்று இங்கே கடை வைத்திருக்கும் மாவனல்லைக்கார நானாவிடம் போய், இரண்டு கிலோ அரிசிப் பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். மகள் இப்போது அவ்வளவு நிறைதானே.

"எடுக்கப் போறீங்களா, தாலாட்டப் போறீங்களா?" என்று நானா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பையை உடனே கீழே வைக்கவில்லை.

அண்ணன் திரும்பும்போது மகளைச் சுற்றிய துணி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிடு.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது. கிளினிக்கில் மகளை நிறுத்துப் பார்த்ததும் நிறையைச் சொல். அடுத்து எந்தப் பையைத் தூக்குவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் ரெஜினோல்ட்