ஓரத்துக்கு நகர்ந்த நாற்காலிகள்

பிரேசர் டவுன், பெங்களூர்
18 மார்ச் 1997

அன்பு மகள் சோஃபியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே அப்பாவின் இருமலைத் தவிர எல்லாம் சுகம், அமெரிக்கப் பனிக்கும் பரீட்சைக்கும் நடுவில் நீயும் சுகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். முதலில், போன வெள்ளிக்கிழமை கல்லூரியில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். "அண்ணா, இந்த வரிசையில உன்னை நிக்க வெச்சா எந்த ஓரத்துல வெப்பே?" என்று உன் மதலைமுத்து மாமாவைக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. கடைசி வருடப் பிள்ளைகளின் குரூப் போட்டோ அது, லைப்ரரிக்காரி என்று என்னையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள், படம் எடுக்க மாமாவை ஏற்பாடு செய்ததும் நான்தான்.

கென்யாவிலிருந்து வந்து படிக்கும் அச்சியெங்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், நாவலைத் திருப்பித் தரும்போதெல்லாம் முடிவு சரியில்லை என்று என்னோடு சண்டை போடுவாளே, அவள்தான். முதல் வருடப் படத்தில் அவளை ஓரத்தில் நிறுத்தினார்கள், பிரேம் அட்டை அவள் முகத்தில் பாதியைத் தின்றுவிட்டது. இதில் நீ எங்கேயடி என்று ஊரிலிருந்து அவள் அம்மா கேட்க, தலைக்குமேல் பேனாவால் அம்புக்குறி போட்டு இன்னொரு பிரதி அனுப்பினாளாம். பெற்றவள் மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. அதனால் இந்த முறை முதல் ஆளாக வந்து நடுவில் நின்றுகொண்டாள். மாமா கேமராவுக்குள் பார்த்துவிட்டு, "யம்மா, நீ அந்தக் கடைசிக்குப் போ, கருப்பு நடுவுல இருந்தா லைட்டு கணக்கு கெட்டுடும்" என்றார். நம் மாமாவின் நிறம் உனக்குத் தெரியும், அச்சியெங்குக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்றால் யாரும் நம்புவார்கள். அவள் கையைத் தட்டி, "ஓகே அங்கிள், கருப்பெல்லாம் இந்தப் பக்கம் வாங்க!" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் கூவிக்கொண்டே கடைசிக்குப் போனாள். உடனே கிருத்திகா, மூன்று வருடமாகப் பவுடர் இல்லாமல் நான் பார்த்திராத பெண், "நானும் கருப்புதான்" என்று பின்னாலேயே ஓடினாள். அப்புறம் கேட்கவேண்டுமா, ஒரே தள்ளுமுள்ளு. ஹரிஷ் கிரிக்கெட் ஆடிக் கருத்தேன் என்கிறான், அதெல்லாம் செல்லாது என்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும் அஷ்வின், "மச்சி, என் மனசு கருப்புடா" என்று கெஞ்சி இடம் பிடித்தான். "மௌரீன் அக்கா, நீங்க?" என்றார்கள். என் கல்யாணப் பேச்சில் மாநிறம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரப்போவதில்லை என்ற தைரியத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த பிரின்சிபால் "ஏனாயித்தம்மா, ஏனாயித்து?" என்று என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, அவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் வந்தபின் அந்த ஓரமே நடுவாகிவிட்டது, நட்டநடுவில் அச்சியெங். மாமா முணுமுணுத்துக்கொண்டே ஸ்டாண்டை அங்கே நகர்த்திக் கேமராவில் எதையோ திருகினார். அப்படியொரு திருகல் இத்தனை நாளும் அதில் இருந்திருக்கிறது பார்.

உன் கல்லூரியில் கறுப்பினப் பிள்ளைகளோடு ஊர்வலம் போகாதே, படிக்கப் போனவள் படி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்கியதாக அப்பாவிடம் சொல்லிவிடாதே. போனால் அந்தத் தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ, அட்டையைப் பிடிக்கிற கைக்கு உறை போடு, வெறும் வயிற்றில் கோஷம் போடாதே. மாமாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, ஒரு கார்டு போடு, அதில் போட்டோ பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் அம்மா,
மௌரீன் சில்வெஸ்டர்

பி.கு. இதை ஒட்டுவதற்குள் படம் வந்துவிட்டது. எல்லார் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறது, பிரின்சிபால் மட்டும் கண்ணை மூடியிருக்கிறார். அச்சியெங் இன்று காலை ஒரு பிரதியை அவள் அம்மாவுக்குத் தபாலில் போட்டாள். அம்புக்குறி போடவில்லை.