மேட்டுக்கு அந்தப் பக்கம்

மே 4
கலஹாரிப் பாலைவனத்தில் மூன்றாவது வாரம். செத்த ஆற்றின் மணலைச் சலிக்கிறோம். வைரத்தை நேராகத் தேட முடியாது. வைரத்தை மேலே கொண்டுவரும் எரிமலை அதோடு கக்கிய சிவப்புக் கார்னெட் மணிகளைப் பின்தொடர்ந்து போகவேண்டும்.

மே 6
மேட்டில் ஆறு தொடங்குகிறது. மணிகளும் அங்கேயே நின்றுவிட்டன. முகாம் தலைவர் செலேகா ஐயா முடிவு சொல்லிவிட்டார்.
"எரிமலை இந்த மேட்டுலதான் இருந்திருக்கு, ஒனலென்னா. மழை அரிச்சு மொத்தமும் ஆத்தோட போயிடுச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பலாம்."
கிளம்பினால் எங்கள் எல்லோருக்கும் வேலை போச்சு.

மே 7
மேட்டில் எடுத்த மணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உருண்டை, மழமழவென்று. பிறந்த இடத்திலேயே கிடந்த மணி இப்படியா தேயும்? வெகுதூரம் உருண்டிருக்கிறது. எங்கிருந்து? அப்படியானால் — எரிமலை அணைந்து வெகுகாலம் கழித்துத்தான் நிலம் மேடாக எழும்பி ஆற்றைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. ஆற்றின் தலை அந்தப் பக்கம்.
செலேகா ஐயாவிடம் சொன்னேன்.
"ஆறு மேட்டைத் தாண்டிக் குதிச்சுதாக்கும்?"
"ஆறுதான் மூத்தது ஐயா. மேடு பிறகு வந்துச்சு."
அந்தப் பக்கம் தேடப் பத்து நாள் கொடுத்தார். "பதினொண்ணு கேக்காதே."

மே 12
ஒன்றுமில்லை.

மே 15
மேட்டைத் தாண்டி வந்த இந்தப் பக்கம் எல்லாவற்றையும் மணல் மூடியிருக்கிறது. கறையான்தான் ஈரம் தேடி ஆழத்துக்குப் போய் மண்ணை மேலே கொண்டுவருகிறது. புற்றுகளைக் கொத்திச் சலித்தோம். பக்கத்து மாட்டுப்பட்டிக்காரி, கெலெபோகிலே என்பவள், நின்று பார்த்தாள். "ஏம்மா, இவ்வளவு படிச்சும் கறையான் கிட்டயா வழி கேக்குறீங்க?"
மூன்று மணிகள். ஒன்றில் மேல்தோல் உரியவே இல்லை. உருளாத மணி. எரிமலை பக்கத்துலதான் இருக்கு.

ஜூன் 20
துளைபோட்டதில் முப்பது மீட்டர் ஆழத்தில் எரிமலைப் பாறை. செலேகா ஐயா அந்தக் கல்லை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நானா இருந்தா அன்னிக்கே கிளம்பிப் போயிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 3
ஆய்வு முடிவு வந்தது. வைரம் இல்லை. எரிமலை எல்லாமே வைரம் சுமந்து வருவதில்லை. தெரிந்ததுதான். அழுகை வரவில்லை. ஏன் வரலை?

செப்டம்பர் 9
ஓர் எரிமலை இருந்தால் பக்கத்திலேயே இன்னும் சில இருக்கும். மேட்டுக்கு இந்தப் பக்கம் முழுவதும் தேடக் கம்பெனி ஒப்புக்கொண்டது. காலையில் லாரி கிளம்பும்போது செலேகா ஐயா முன் இருக்கையிலிருந்து இறங்கினார்.
"என்ன ஐயா?"
"வழி தெரிஞ்சவங்க முன்னால உக்காரணும்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சல்லடைகளோடு ஏறிக்கொண்டார்.