ரிவால்வர் இல்லாத பெட்டிகள்

அக்டோபர் 6

லான்மடா பேட்டையில் பர்மியர் ஊ சான் லிங்கின் பழைய சாமான் கடையில் இன்று அகப்பட்டது: தேக்குப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. வெள்ளைக்காரச் சீமாட்டி கைப்பையில் வைத்திருந்த குட்டி ரிவால்வர், இருபத்திரண்டு காலிபர், படுத்திருந்த இடம். எண்ணெய்க் குப்பிக்கு ஒரு குழி, குழல் துடைக்கும் கம்பிக்கு ஒரு பள்ளம். எல்லாம் இருக்கிறது, ரிவால்வர் மட்டும் இல்லை.

என்னிடமுள்ள மற்றப் பெட்டிகளிலும் இல்லை. இந்த ஊரில் அதை வைத்திருந்தால் நேரே ஜெயில்தான்; அதனால் பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். பிரியாணிச் சட்டியை மோந்து பார்த்தே வயிறு நிறைகிறவன் நான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் யாராவது கேட்டால் குழலின் நீளத்தில் ஆரம்பித்துவிடுவேன்.

அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் மனைவி சஜிதா மசாலாக் கையோடு வெல்வெட்டைத் தொட்டுவிடுவாள் என்று பயம்.

அக்டோபர் 9

கியாக்டடா பேட்டை டீக்கடையில் இன்று நல்ல பேச்சு. துப்பாக்கிப் பேச்சு, முழுக்க என்னுடையது. பக்கத்து மேசையில் ஒரு புது ஆள். "வீட்டில் எத்தனை இருக்கு, கோ அய்யூப்?" என்றார் பர்மியில், அண்ணன் முறை போட்டு. ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சிரித்துக்கொண்டே டீயைக் கலக்கினேன். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

அக்டோபர் 10

அந்தச் சிரிப்பு எதற்கு?

அக்டோபர் 14

மாஹிர் கடைக்கு வந்தான். சஜிதாவின் தம்பி. கண்ணாடி மாட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னான்: வார்டு ஆபீசில் 'துப்பாக்கி அய்யூப்' வீடு எது என்று விசாரிக்கிறார்களாம். வீட்டு ஆள் கணக்குச் சோதனைக்கு வரும்போது பார்ப்பார்களாம்.

"வரட்டும். பெட்டியைத் திறந்து காட்டுறேன். காலிதானே?"

"காலிப் பெட்டியக் காட்டினா, உள்ள இருந்தது எங்கேன்னு கேப்பாங்க மச்சான்."

அப்புறம் அவன் என்ன பேசினான் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் நான் சேர்த்தது வேறென்ன? எனக்கு எதிரான சாட்சி. அதுவும் வெல்வெட் போட்டு, அளவெடுத்த சாட்சி. உள்ளே தள்ளினால் வெளியே வருவேனா? பிரமாதம்டா அய்யூப்.

அக்டோபர் 15

இரண்டு பெட்டிகளைப் பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் லான்மடா போனேன். திருப்பி எடுத்துக்கொள்ளும்படி ஊ சான் லிங்கிடம் கெஞ்சினேன். "நான் கடிகாரம் மட்டும்தான் விக்கிறேன்" என்றார், என்னை முதல் தடவை பார்க்கிற முகத்தோடு. வாங்கியபோது டீ வாங்கிக் கொடுத்த மனுஷன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா லுங்கி மூட்டையைக் காட்டி, "உள்ளே மீன்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 16

அலமாரியைச் சஜிதா முன்னால் திறந்தேன். அவள் சுவரோடு ஒட்டிப் போய் நின்றாள்.

"வெடிச்சிராதே?"

"என்னது வெடிக்கும்? வெறும் பெட்டி."

ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். கடைசிப் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப உள்ள ஒண்ணுமே இருந்ததில்லையா? வார்டு ஆளுங்க வர்றப்பெல்லாம் நான் இதுமேல சாஞ்சுக்கிட்டு நிப்பேனே. மனசுக்குள்ள ஓதிக்கிட்டே நிப்பேனே."

இடுப்புவலி என்றல்லவா நினைத்தேன். தைலம் வேறு வாங்கிக் கொடுத்தேன்!

"உஸ்மாவ எதுக்கு மிங்கலாடோன்ல எங்க ராத்தா வீட்டுல விட்டேன்னு நெனச்சீங்க?"

அவள் அக்காள் வீடு மகளின் வேலைக்குப் பக்கம் என்று நினைத்தேன். அப்படித்தான் சொன்னாள். மகள் மூன்று வருஷமாக வேறு வீட்டில் சாப்பிடுகிறாள் - என் வெல்வெட் குழிகளுக்குப் பயந்து. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சிரித்திருப்பேன். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 17

பெட்டிகளின் உள்பலகைகளைப் பெயர்த்தோம். கரண்ட் இல்லை, கரி அடுப்பு. பகல் சோறு என் சேகரிப்பில் வெந்தது. நீல வெல்வெட் பெட்டியை மட்டும் நானே உடைக்கிறேன் என்றேன். உளி வைத்தேன், கை வரவில்லை. சஜிதா வாங்கி ஒரே தட்டில் முடித்தாள். என் கண்ணில் தண்ணீர். புகை என்றேன். "ம்" என்றாள்.

வெறும் பெட்டிகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி பிரேம்களை அடுக்கினேன்.

அக்டோபர் 21

வந்தார்கள். நாலு பேர், ஒருவன் கையில் துப்பாக்கி. அது என்ன ரகம் என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அலமாரி, அரிசிப் பானை, மெத்தை எல்லாம் பார்த்தார்கள். பெரியவர் என்னிடம் திரும்பி, "துப்பாக்கி சேக்குறது நீங்கதானே?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் சஜிதா பர்மியில் பதில் சொன்னாள். "இவரா? பட்டாசு வெடிச்சாலே குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாரு."

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். உடனே நம்பிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

தப்பித்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் இவ்வளவு சீக்கிரமாக நம்பியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 27

காலையில் சஜிதா போனில்: "வந்துரும்மா. இங்க ஒண்ணும் இல்ல. இல்லடி, எங்கயும் ஒளிச்சு வைக்கல. ஒண்ணும் இருந்ததே இல்ல." மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் உஸ்மா இரண்டு பைகளோடு வந்தாள். அலமாரியில் துணிகளை அடுக்கினாள். சாப்பிடும்போது மீன் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "மூணு வருஷம், வாப்பா."

தலை குனிந்து சாப்பிட்டேன்.

இப்போது பக்கத்து அறையில் தாயும் மகளும் பேசுகிறார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் வரைக்கும் வந்துவிட்டது கதை. உஸ்மா மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். உள்ளே போய், அதெல்லாம் பொய் என்று சொல்லலாம்.

போகவில்லை. சிரிக்கட்டும்.