அறைவீடு

மார்ச் 3, திங்கள்

சபையில் எல்லோருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து, ஆண்டவர் என்ன பேசினார் என்று எழுத வேண்டுமாம். சமையல் மேடைப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆண்டவர் வாய் திறப்பதற்குள் குக்கர் திறந்துவிட்டது.

மார்ச் 5

ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 8, சனி

இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. தாழ்ப்பாள் உள்ளது ஒன்றில்தான். அதை என் வீட்டுக்காரர் இவர் தனிஜெபத்துக்கென்று எடுத்துக்கொண்டு, பைபிளில் ஜெபிக்கச் சொன்ன 'அறைவீடு' என்று பெயரும் வைத்துவிட்டார். சபை மூப்பர் இல்லையா! விடிந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டால், ஆபீஸ் கிளம்பும்போதுதான் முகத்தைப் பார்க்கலாம். மாமாவும் நானும் சட்டிபானையும் மற்ற அறையில்.

"அறைவீடு இல்லம்மா, அரை வீடு. பாதிய எடுத்துக்கிட்டான்ல," என்றார் மாமா. இவருடைய அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். பக்கவாதத்தில் ஒரு கால் போனதே தவிர, நக்கல் போகவில்லை. காப்பி புரையேறச் சிரித்தேன்.

கதவுக்குள்ளிருந்து, "உஸ்!"

மார்ச் 11

கேட்டே விட்டேன். "காலையில எனக்கும் கொஞ்ச நேரம் அந்த ரூம் வேணுங்க."

"உனக்கு வேலையே ஜெபம் மாதிரிதானே."

அப்படியானால் இவருக்கு ஜெபமே வேலை போலிருக்கிறது. சாயங்காலம் பெண்கள் கூட்டத்தில் இவர்தான் பேசினார். தியான வேளையில் வருகிற தொந்தரவெல்லாம் பிசாசு அனுப்புவது, யார் தட்டினாலும் திறக்காதீர்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும்தான். எனக்கு எந்தக் கதவு இருக்கிறது, திறக்காமல் இருக்க?

மார்ச் 14

இடம் கிடைத்துவிட்டது. நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில், துணி காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு இடுக்கு. டீ நேரத்தில் அழுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அந்த இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஆண்டவரே, கேட்க ஒன்றுமில்லை, சும்மா உம்மோடு இருக்கிறேன் என்றேன். ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இஸ்திரி போடும் அக்கா எட்டிப் பார்த்தாள். "தூங்குறியா, அழுவுறியா?"

"ஜெபம் பண்றேங்க்கா."

"சரி, பண்ணு. இந்தப் பக்கம் யாரையும் விடல." தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனாள். அவள் எந்தச் சபையும் இல்லை.

மார்ச் 19

மாமா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

மார்ச் 20

முழுவதும் இன்றுதான் தெரிந்தது. நான் காலை ஷிப்டுக்குப் போன பிறகு, பாத்ரூம் போகிற வழியில் அறைவீட்டு வாசலில் விழுந்திருக்கிறார். குரல் எழும்பவில்லை. கைத்தடியால் கதவின் அடியில் தட்டியிருக்கிறார். தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இவரே சொன்னார், வராந்தாவில், என் முகத்தைப் பார்க்காமல். "சத்தம் கேட்டுச்சு. சத்துரு தொந்தரவு பண்றான்னு நினைச்சேன்."

நினைத்து? குரலை உயர்த்தி அதட்டினாராம். "போ! இந்த வீட்ட விட்டு வெளிய போ!"

பிசாசையாம். கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் கிடந்தது பெத்த அப்பன். ஐயோ, என்ன மனுஷன் இவரு! சொந்த அப்பாவோட தடி சத்தம் தெரியாதா? தினம் தினம் இந்த வீட்டுக்குள்ள கேக்குற சத்தம்தானே?

மார்ச் 23, ஞாயிறு

சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அப்பா விழுந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாமல் கர்த்தர் காத்தாராம். தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 26

"என்னை எங்கயாவது ஹோம்ல சேத்துரும்மா," என்கிறார் மாமா.

"ஏன் மாமா இப்படிப் பேசுறீங்க?"

"வீட்ட விட்டுப் போன்னுட்டானே."

"அது உங்கள இல்ல மாமா. பிசாசச் சொன்னார்."

"தெரியும்மா. ஆனா என் காதுலல்ல விழுந்துச்சு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

மார்ச் 28

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. ஆண்டவரே, நீரும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறீரா? கோபத்தில்தான் எழுதுகிறேன். எழுதியதை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 2

இவருடைய மேசை, நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த வசன அட்டைகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். மாமாவின் கட்டிலை உள்ளே போட்டேன்.

"அப்ப நான் எங்க ஜெபம் பண்றது?"

"சமையல் மேடைப் பக்கத்துல ஸ்டூல் இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவிடம், அறைவீடு இனிமேல் உங்களுக்கு என்றேன். சுவர்ப் பக்கமிருந்து தலையைத் திருப்பி, "முழுசாவா?" என்றார்.

"முழுசா."

"அப்ப வரேன்."

ஏப்ரல் 9

லீவு. மாமாவுக்கு உடம்பு துடைத்துவிடக் கதவைத் தாழ் போட்டேன். துடைத்து, வேட்டி மாற்றி முடித்த பிறகும் திறக்கவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் என்று எதுவும் சொல்லவில்லை. யாரோ கூட இருப்பது போல் மட்டும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. மெதுவாகத்தான். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்ததே இந்த மனுஷன்தானே. தட்டட்டும். எவ்வளவு நேரம் தட்ட முடிகிறது என்று பார்ப்போம்.

மறுபடி தட்டினார். பிறகு சத்தமில்லை. ஆனால் கதவின் அடியில் இரண்டு பாதங்களின் நிழல் அப்படியே நின்றது.

"திறந்து விடும்மா," என்றார் மாமா. "பிசாசா இருந்தா தட்டிட்டு நிக்காது."

எழுந்து போய்த் தாழை எடுத்தேன். இவர் கையில் காப்பி. தானே போட்டிருக்கிறார். வழியெல்லாம் சிந்தியதில் அரை டம்ளர்தான் மிச்சம். மாமா வாங்கிக் குடித்தார். மகன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை.